சின்ன முள்

மே 6

அண்ணன் மகள் பத்து நாள் தங்க வந்திருக்கிறாள். பத்து வயது. சாயங்காலம் "மணி என்ன அத்தை?" என்று கேட்டாள். கை வேலையாக இருந்ததால் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி நீயே பாரேன் என்றேன். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள், அப்புறம் உள்ளே போய் என் போனை எடுத்துப் பார்த்துவிட்டு வந்தாள். இரண்டாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்களாம், அதற்குப் பிறகு தேவையே வரவில்லையாம். இங்கிலாந்தில் சில பள்ளிகள் பரீட்சை அறையில் முள் கடிகாரத்தை எடுத்துவிட்டு டிஜிட்டல் கடிகாரம் மாட்டுவதாக 2018-ல் செய்தி வந்தபோது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்று மனசு சங்கடமாக இருந்தது.

மே 7

இரண்டு ஐம்பதுக்குக் கேட்டேன், மூன்று ஐம்பது என்றாள். தப்பு என்று சொல்ல வாயெடுத்தவள் நானே ஒருமுறை முகப்பைப் பார்த்தேன். சின்ன முள் கிட்டத்தட்ட மூன்றின் மேலேயே நிற்கிறது, அவள் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் சொன்னாள். போதாததற்கு ஒரே எண்ணுக்கு இரண்டு அர்த்தம்: சின்ன முள்ளுக்கு மூன்று என்றால் மூன்று, பெரிய முள்ளுக்கு அதே மூன்று பதினைந்து. அந்தப் பதினைந்தை யாரும் எழுதி வைக்கவும் இல்லை. நாமெல்லாம் இதை எப்போது, எப்படிக் கற்றுக்கொண்டோம் என்பதே மறந்துபோய், பிள்ளைகளுக்குச் சோம்பல் என்று சொல்லிவிடுகிறோம்.

மே 9

பழைய கடிகாரம் ஒன்றின் கண்ணாடியைக் கழற்றி, செகண்ட் முள்ளையும் பெரிய முள்ளையும் மெல்ல இழுத்து எடுத்துவிட்டேன். சின்ன முள் மட்டும். ஆரம்பகால இயந்திரக் கடிகாரங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தன. ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் முன்னே பின்னே ஓடும் கடிகாரத்தில் நிமிஷ முள் வைத்து என்ன செய்வது? 1656-ல் டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் ஊசல் கடிகாரத்தை உருவாக்கிய பிறகுதான், பிழை ஒரு நாளைக்குச் சுமார் பதினைந்து விநாடி என்ற அளவுக்குக் குறைந்து, நிமிஷ முள்ளுக்கு வேலை வந்தது.

இவளிடம் சொன்னது ஒன்றுதான்: முள் எந்த எண்ணைத் தாண்டியிருக்கிறது, அடுத்த எண்ணுக்கு எவ்வளவு தூரம் போயிருக்கிறது? மத்தியானத்துக்குள் "நாலரை இருக்கும்", "ஏழேமுக்கால் ஆகப்போகுது" என்று முள்ளை நான் எங்கே திருப்பி வைத்தாலும் சொன்னாள். முக்கால் என்றால் நாற்பத்தைந்து நிமிஷம் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. அந்த வார்த்தை முகப்பில் அப்படியே கண்ணுக்குத் தெரிகிறது, 7:45 என்ற எண்ணில் அது எங்கே இருக்கிறது?

மே 11

பன்னிரண்டில் இரண்டும் ஒன்றாக நிற்கும்படி பெரிய முள்ளைத் திரும்ப மாட்டினோம். பெரிய முள் நிமிஷத்துக்கு 6 டிகிரி, சின்னது அரை டிகிரி. பெரிய முள் பத்தில் இருந்தால் சின்னது அடுத்த எண்ணை எட்டப்போகும் இடத்தில் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் கடிகாரம் பொய் சொல்கிறது. இது புரிந்ததும் மூன்று ஐம்பது மறைந்துவிட்டது.

இரவு தூக்கம் வரவில்லை. வயதானவர்களின் நினைவுத்திறனைச் சோதிக்க மருத்துவர்கள் கடிகாரம் வரையச் சொல்லி, பதினொன்று பத்துக்கு முள் போடச் சொல்வார்கள். நினைவு, திட்டமிடல், இட உணர்வு எல்லாம் அந்த ஒரு வட்டத்துக்குள் வேலை செய்ய வேண்டும். இதைக் கற்றுக்கொள்ளாமலே வளர்கிறவர்கள் முதுமை அடையும்போது, வேறு எதை வரையச் சொல்வார்கள்?

மே 13

பன்னிரண்டு மணி நேரத்தில் இரண்டு முள்ளும் எத்தனை தடவை ஒன்றுசேரும் என்று கேட்டேன். பன்னிரண்டு என்றாள். சரி, திருகிப் பார் என்றேன். மூன்று முறை எண்ணினாள், மூன்று முறையும் பதினொன்றுதான். பதினொன்றைத் தாண்டியதும் பெரிய முள் துரத்தித் துரத்தி, பன்னிரண்டில்தான் சின்னதைப் பிடிக்கிறது என்று அவளே கண்டுபிடித்தாள்.

மே 16

இன்று கிளம்புகிறாள். அண்ணன் ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். "இன்னும் எவ்வளவு நேரம்டா?" என்றேன். சுவரைப் பார்த்தாள். நிமிஷம் எதுவும் சொல்லவில்லை, பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து அந்த இடைவெளியைக் காட்டி, "இவ்வளவு இருக்கு அத்தை" என்றாள்.