அப்பிச்சியோட முழங்கால்

அப்பிச்சிக்கு முழங்கால் மூட்டு மாத்தி ஒன்றரை வருசமாச்சுங்க, இப்ப ரெண்டு மாசமா மறுபடி வீக்கம், தொட்டா சூடு, ராத்திரியெல்லாம் தூங்காம முனகறாரு, கேக்கறப்ப மனசு ஆறல. எக்ஸ்ரேல மூட்டு லூசாயிருச்சா, கிருமி புகுந்துருச்சான்னு பிரிச்சு சொல்ல முடியல. கோயமுத்தூர்ல வெள்ளையணு ஸ்கேன் எடுத்தோம். அவரு ரத்தத்துலருந்தே வெள்ளையணுவப் பிரிச்சு, அதுல டெக்னீசியம்-99எம்ங்கற கதிர்வீச்சுப் பொருள ஏத்தி, திருப்பி ஊசியில போட்டாங்க, அது கிருமி இருக்கற எடம் தேடிப் போய் நிக்கும், கேமரா அதப் புடிச்சுரும். கதிர்வீச்சு 6 மணி நேரத்துக்கு ஒருக்கா பாதிப்பாதியா கொறையும்.

"ஏங்கண்ணு, என்ற ரத்தத்தையே எனக்கு ஊத்தறாங்களா"ன்னு கேட்டாரு, வெளக்கிச் சொன்னேன், தலையாட்டிட்டு கையில இருந்த பிஸ்கட்டப் பிச்சு எனக்குப் பாதி குடுத்தாரு.

ஆனா இதுவும் கிருமிய நேரா காட்டறதில்லைங்க, ஒடம்பு அதோட சண்டை போடற எடத்தத்தான் காட்டுது. எஃப்டிஎஸ்னு ஒண்ணு ஆராய்ச்சியில இருக்கு, சார்பிட்டால் சர்க்கரையில ஃப்ளோரின்-18ங்கற இன்னொரு கதிர்வீச்சுப் பொருள சேத்தது, ஈ.கோலை மாதிரி கிருமிக அத உள்ள இழுத்துக்கும், நம்ம செல்லுக அவ்வளவா தொடாது. அதெல்லாம் நம்மூரு ஆஸ்பத்திரிக்கும் சீக்கிரம் வரோணுங்க.

படத்துல மூட்டுக்குக் கீழ கருப்பா ஒரு பொட்டு. செவ்வாக்கெழம ஆபரேசன்.