சிஸ்டர் வந்தாச்சு!

தலைமை ஆசிரியரைப் பற்றியும் ஆண்டு விழா நாடகத்தைப் பற்றியும் இந்த மலரில் எப்படியும் யாராவது எழுதிவிடுவார்கள். நான் நம் பள்ளி நர்ஸைப் பற்றி எழுதுகிறேன்.

1981 குளிர்காலம். ஒன்றாம் வகுப்பு. டெல்லி ஆர்.கே.புரத்தில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ். தட்டில் சாதம் மிச்சம் வைத்தால் அம்மா மலைமந்திர் முருகனையெல்லாம் கூப்பிட மாட்டாள். "ஸ்கூல் நர்ஸ்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லட்டுமா?" என்பாள். வகுப்பில் பேசினால் டீச்சரும் அதையேதான் சொல்வார். பூச்சாண்டியை யாரும் கண்ணால் பார்த்ததில்லை; எங்கள் பூச்சாண்டியோ வெள்ளைப் புடவையோடு எதிரிலேயே நடந்து போனார்.

போதாததற்கு, முந்தைய வருஷம் ஊசி போட வந்த கம்பவுண்டர் "எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்று சொல்லியிருந்தார். அப்படி ஓர் எறும்பை நான் இன்றுவரை பார்க்கவில்லை. அப்புறம் மைதானத்தில் விழுந்து முட்டி சிராய்த்தபோது, சாக்ஸை மேலே இழுத்து மூன்று நாள் மறைத்தேன். சீழ் பிடித்து, நொண்டி, கடைசியில் மாட்டிக்கொண்டேன்.

மாட்டியது புதிதாக வந்த சிஸ்டரிடம். மலையாளி, தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். புண்ணைக் கழுவி மருந்து போட்டார், திட்டவில்லை. "ஏன் மோனே ஒளிச்சு வெச்சே?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அவரே எழுந்து, "என் பேரைச் சொல்லிக் குழந்தைகளைப் பயமுறுத்தாதீங்க. அடிபட்டா அவங்க என்கிட்டதானே ஓடி வரணும்?" என்றாராம். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. வேறு மிரட்டல் தேட வேண்டியிருந்ததே!

தடுப்பூசிக்கு ஒரு வாரம் முன்பு சிஸ்டர் வெறுங்கையோடு வகுப்புக்கு வந்தார். வெறுங்கை என்றால், ஸ்டெதாஸ்கோப்பும் ஊசி மாட்டாத ஒரு கண்ணாடி சிரிஞ்சும் மட்டும். பக்கத்துப் பையனின் நெஞ்சுச் சத்தத்தை அன்றுதான் கேட்டேன். சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி ஜன்னல் வழியே பீய்ச்சினோம். டீச்சருக்கும் கொஞ்சம் பட்டது.

"வலிக்குமா சிஸ்டர்?"

"வலிக்கும். பத்து எண்ணுறதுக்குள்ளே போகும். நாளைக்குக் கை கொஞ்சம் கனக்கும்."

ஊசி நாளன்று குளிருக்கு வெயில் படட்டும் என்று வராந்தாவில் மேஜை போட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் ஊசியையும் சிரிஞ்சையும் கொதிக்க வைத்துத்தான் போடுவார்கள். அந்தப் பாத்திரத்தைக் கதவுக்குப் பின்னால் வைக்கச் சொல்லியிருந்தார். அந்தக் கடகட சத்தத்திலேயே பாதி உயிர் போய்விடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தொண்டை அடைப்பானுக்கும் (டிப்தீரியா) ரண ஜன்னிக்கும் (டெட்டனஸ்) சேர்த்து ஒரே ஊசி. ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, எந்தக் கை என்று நாமே சொல்லலாம். விறைத்தால்தான் அதிகம் வலிக்கும் என்று, ஈரத் துண்டு மாதிரி கையைத் தொங்கப்போடச் சொன்னார்.

"இப்போ புகை விடு பார்க்கலாம்!"

டெல்லிக் குளிரில் வாயைத் திறந்தாலே புகைதானே. நீளமாக ஊதினேன். அது கலைவதற்குள் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். எண்ணிப் பார்த்தேன், ஏழிலேயே வலி போய்விட்டது. வரிசையில் பின்னால் நின்றவர்களும் முறை வரும் முன்பே புகைவிட ஆரம்பித்துவிட்டார்கள். ஒன்றிரண்டு பேர் அழுதார்கள்தான். அழுதவர்களை அவர் கேலி செய்யவிடவில்லை.

துபாயில் என் மகனுக்கு ஐந்து வயதில் ஊசி போடப் போனபோது இதே வித்தையைச் சொல்லிக்கொடுத்தேன். ஏ.சி. அறையில் மூச்சு முட்ட ஊதிவிட்டு, "புகையே வரலையேப்பா!" என்று என்னிடம் சண்டைக்கு வந்தான். ஊசி போட்டு முடித்திருந்தார்கள்.