தாடை எலும்பில் ஒரு சொந்தம்

பழைய மாணவர் மலருக்கு எழுதச் சொன்னால் நம்மவர்கள் ஆண்டுவிழாவையும் பிரம்படியையும்தான் எழுதுவார்கள். எனக்கு விலங்கியல் சாரின் சட்டைப்பைதான் முதலில் ஞாபகம் வரும்.

ஒரு தை மாதம் தேரூர் குளத்தங்கரைக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். ஊசிவால் வாத்துகள் கூட்டமாகக் கிடந்தன. “மக்களே, இந்தத் தாராவுக்கு நெருங்கின சொந்தம் யாரு?” என்றார். கூடவே நீந்திய நாமக்கோழியைக் காட்டினோம். சார் சட்டைப்பையிலிருந்து இரண்டு கீழ்த்தாடைகளை எடுத்தார். ஒன்று வீட்டுக்கோழி, மற்றது தாரா. மூட்டுக்குப் பின்னால் இரண்டிலும் ஒரு முனை கொக்கிபோல நீண்டு வளைந்திருந்தது. கொக்குக்கோ காக்கைக்கோ அது இத்தனை நீளம் இராது என்றார்.

ஒருத்தன் விடவில்லை. “எங்க பாட்டி அடைகோழிக்குத் தாரா முட்டைதான் சார் வைப்பா. ரெண்டு குஞ்சும் பொரிச்ச உடனே ஓடும். அதனாலயா?” சார் ஒத்துக்கொள்ளவில்லை. நெருப்புக்கோழிக் குஞ்சும் அப்படித்தான் ஓடும். அது பறவைகளின் பழைய சொத்து, அதை வைத்துப் பங்காளியைக் கண்டுபிடிக்க முடியாது என்றார். இன்றைக்கும் எனக்குப் பிடித்த பதில் அது.

கோழியும் தாராவும் நெருங்கின சொந்தம் என்று தாடை சொன்னதைப் பிற்பாடு வந்த மரபணு ஆய்வுகளும் உறுதி செய்தன. நெருப்புக்கோழி வகையறா தனியாகப் பிரிந்த பின், மிச்சப் பறவைகளில் முதலில் கிளைத்தது கோழியும் தாராவும் சேர்ந்த இந்தக் குடும்பம். பருந்து, கிளி, காக்கை, பூநாரை எல்லாம் எதிர்க்கிளை. நாமக்கோழியும் அங்கேதான், சாரஸ் கொக்கின் வரிசையில். அதாவது நாங்கள் கைகாட்டிய அந்த நீர்ப்பறவைக்குத் தாராவைவிடக் காக்கைதான் நெருங்கிய சொந்தம்! தென் அமெரிக்காவின் ஸ்க்ரீமர் என்ற பறவைக்கோ கோழி அலகு, விரலிடையில் சவ்வு கிடையாது என்றே சொல்லலாம். ஆனாலும் அது தாரா பக்கம்.

2020-இல் பெல்ஜியத்துப் புதைபடிவக் கல் ஒன்றைப் பற்றிய செய்தியை மஸ்கட்டில் இருந்து படித்தேன். வெளியே தெரிந்தது சில கால் எலும்புத் துண்டுகள். சி.டி. ஸ்கேனில் உள்ளே ஒரு பறவையின் கிட்டத்தட்ட முழு மண்டையோடே இருந்தது: முகம் கோழிச் சாயல், பின்மண்டை தாராச் சாயல். வயது சுமார் 6.67 கோடி ஆண்டு. டைனோசர்களை அழித்த விண்கல் விழுவதற்கும் முந்தியது. அஸ்டீரியார்னிஸ் என்று பெயரிட்டார்கள். சார் இருந்திருந்தால் அந்தப் படத்தில் முதலில் தாடையைத்தான் தேடியிருப்பார்.

சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்துவிட்டன. மார்கழி, தையில் லீவுக்குப் போகிறவர்கள் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். நாமக்கோழியைக் காட்டி அதே கேள்வியைக் கேளுங்கள்.