ஓரத்தில் உட்காரும் செல்

காரைக்குடிக்கு ஆய்வக வேலைக்கு வந்தபோது என் மேசையில் தபால்தலை அளவில் ஒரு சிலிகான் ரப்பர் துண்டைக் கொடுத்தார்கள். அதற்குள் தலைமுடி அகல வாய்க்கால்கள். நடு வாய்க்காலில் செல் (உயிரணு) கலந்த ஆல்ஜினேட் என்ற பசைக் கரைசல் வரும். இரண்டு பக்கமும் எண்ணெய் வந்து நெரிக்க, 40 மைக்ரான் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) துளிகளாக அது அறுந்து விழும். எண்ணெயில் இருக்கும் கொஞ்சம் அமிலம், கரைசலில் கட்டிப்போட்ட கால்சியத்தை அவிழ்த்துவிடும். அந்தக் கால்சியம் பட்டதும் துளி ஜெல்லாக உறையும். ஒரு ஜெல் உருண்டைக்குள் ஒரே ஒரு ஸ்டெம் செல் (பல வகைச் செல்லாக மாறக்கூடிய செல்), அவ்வளவுதான் வேலை.

எதற்கு இந்தப் பாடு? பிளாஸ்டிக் தட்டில் வளரும் செல் அப்பளம் மாதிரி பரந்து ஒட்டிக்கொள்ளும். உடம்புக்குள் அப்படி இல்லை, எல்லாப் பக்கமும் ஏதோ ஒன்று தாங்கிப் பிடித்திருக்கும். தாங்குவது எவ்வளவு கெட்டி என்பதைப் பொறுத்து ஸ்டெம் செல் நரம்புப் பக்கமோ எலும்புப் பக்கமோ சாயும் என்று 2006-லேயே காட்டிவிட்டார்கள்.

முதல் வாரம் மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததெல்லாம் காலி உருண்டைகள். கை சரியில்லையோ என்று பயந்தேன். கணக்கே அப்படித்தான். செல்கள் வரிசையில் நின்று வருவதில்லை, இஷ்டத்துக்கு வரும். ஒரே துளியில் இரண்டு மாட்டாதபடி மில்லிக்கு 30 லட்சம் செல் என்று நீர்க்க விட்டால், நூற்றில் 90 துளி காலி, 9-ல் ஒரு செல், இருநூறுக்கு ஒன்றில் ஜோடி. கல்லூரியில் மார்க்குக்காக மனப்பாடம் செய்த, இஷ்டத்துக்கு வருபவை எத்தனை எத்தனையாக விழும் என்று சொல்லும் பாய்சான் பரவலை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

காலியாவது பரவாயில்லை. என்னைப் படுத்தியது ஓடிப்போன செல். முதல் நாள் எண்ணிவைத்த உருண்டைகளில் பல, நாலாம் நாள் வெறும் கூடு. உள்ளே இருந்தது வெளியே வந்து தட்டின் அடியில் அப்பளமாகப் படுத்திருக்கும்.

ஆல்ஜினேட்டைச் சந்தேகப்பட்டேன். பழுப்புக் கடற்பாசியிலிருந்து வரும் சரக்கு அது. இராமநாதபுரம் கரையில் கட்டக்கோரை என்று அள்ளுவார்களே, அதிலும் உண்டு. லாட்டுக்கு லாட் குணம் மாறும்தான். அடர்த்தியைக் கூட்டினேன், குறைத்தேன். ஒரு மாதம் போனது. பாவம், அதன்மேல் குற்றமில்லை.

செக்காலையில் நான் குடியிருந்த வீட்டு ஆச்சி தீபாவளிக்குச் சீயம் போட்டுக்கொண்டிருந்தார். பூரண உருண்டையை மாவில் முக்கிச் சுற்றிலும் ஒருமுறை உருட்டிவிட்டுத்தான் எண்ணெயில் விடுவார். ஒன்று வெடித்துப் பூரணம் சிதறியது. “ஒரு பக்கம் மாவு மெலிசா போச்சுன்னா அந்த வழியாத்தான் வெளிய வரும் தம்பி. அப்புறம் எண்ணெயே பாழ்” என்றார்.

சீயத்தைப் பார்த்ததும் விடை கிடைத்தது என்று எழுத ஆசைதான். கிடைக்கவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். ஓடிப்போனவை பெரும்பாலும் முதல் நாளே ஓரத்தில் ஒட்டியிருந்தவை.

விடையை 2017-ல் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தார் எழுதிவைத்திருந்தார்கள். துளி பிறந்த சில மில்லிசெகண்டுக்குள் செல் எண்ணெயும் நீரும் சேரும் விளிம்புக்குப் போய்விடுகிறது. நாமோ துளி விழுந்த கையோடு உறையவைக்கிறோம், செல் அங்கேயே மாட்டிக்கொள்கிறது. உறைவதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டால் அது நடுவுக்கு வருகிறது. அவர்கள் ஜெல் வேறு வகை, உறையவைக்கும் விதமும் வேறு. ஆனால் நடுவுக்கு வந்தவை 28 நாள் வரை ஓடிப்போகவில்லை.

அமிலம் கலந்த எண்ணெயைத் துளி அறுபடும் இடத்தில் விடாமல், குழாயில் தள்ளிப்போய்ச் சேர்த்தேன். எழுத ஒரு வரி, செய்ய மூன்று வாரம். குழாய் நீளமானால் துளிகள் ஒன்றோடொன்று கலக்கும். சுருக்கினால் பழைய கதை. நடுவே மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை வந்து ஒரு நாள் பம்ப் நின்று, வாய்க்கால் முழுக்க ஜெல் அடைத்து, துண்டைத் தூக்கிப் போட்டேன்.

கடைசியில் வந்த படத்தைப் போனில் ஆச்சியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “ஊறின சப்ஜா வெதயா?” என்றார். செல் என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தார். மூலையில் இருந்த ஒரு உருண்டையை விரலால் தொட்டு, “இது நிக்காது, ஓடிப்போயிரும்” என்றார்.