கமாண்டோ என்று எழுதிக்கொண்டவர்கள்

ராணுவத்தில் எழுத்தர் பணியில் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்ற பிறகு, சென்னையில் ஒரு தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆள்சேர்ப்புப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். முன்னாள் படைவீரர்கள் கொண்டுவரும் சான்றுகளைச் சரிபார்ப்பதே என் முதன்மையான பொறுப்பு. காவலர்களைத் தேர்வு செய்யும்போது முப்படைகளிலும் காவல் துறையிலும் பணியாற்றியவர்களுக்கு முன்னுரிமை தரலாம் என்று 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் சொல்வதால், ஓய்வு பெற்ற ஜவான்கள் எங்களைத் தேடி நிறைய வருவார்கள். அவர்களுடைய விண்ணப்பங்களை மட்டும் படித்தால், இந்திய ராணுவத்தில் சமையற்காரரும் ஓட்டுநரும் கிடங்குக் காப்பாளரும் இருந்ததே இல்லை என்று நினைக்கத் தோன்றும்.

பெரும்பாலோர் உரிமை கொண்டாடியது என்.எஸ்.ஜி. எனப்படும் தேசியப் பாதுகாப்புப் படையைத்தான். சென்னைக்காரர்களுக்கு அந்தப் படை புதிதல்ல. ஜெயலலிதாவைச் சுற்றிக் கறுப்புச் சீருடையில் நின்ற வீரர்களைப் பார்த்து 'கறுப்புப் பூனை' என்ற பெயர் இங்கே வீட்டுக்கு வீடு தெரிந்துபோயிற்று. 2008-இல் மும்பைத் தாக்குதலை நேரலையில் பார்த்த பிறகு அந்தப் பெயரின் மதிப்பு இன்னும் ஏறியது. ஆனால், 1984-இல் உருவான அந்தப் படைக்கு நேரடி ஆள்சேர்ப்பு கிடையாது என்பதைப் பலர் அறிவதில்லை. ராணுவத்திலிருந்தும் மத்திய ஆயுதக் காவல் படைகளிலிருந்தும் குறிப்பிட்ட காலத்துக்கு அயற்பணியாக அனுப்பப்படுபவர்களே அதில் இருப்பார்கள். காலம் முடிந்ததும் தங்கள் பழைய யூனிட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். தாஜ் ஹோட்டலில் உயிர்நீத்த மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணனும் பிகார் ரெஜிமெண்ட்டின் 7-ஆவது பட்டாலியனிலிருந்து சென்றவர்தான். ஆகவே, "பேரண்ட் யூனிட் எது?" என்பதே நான் கேட்கும் முதல் கேள்வியாக இருந்தது. "ஆள்சேர்ப்பு முகாமிலேயே என்னை நேராக என்.எஸ்.ஜி.க்கு எடுத்துக்கொண்டார்கள்" என்று பதில் வந்தால், அதற்குமேல் கேட்க வேண்டியதில்லை.

இத்தகைய கேள்விகளின் பயன் நாளாக நாளாகக் குறைந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பாராசூட் வீரர்கள் ஆக்ராவில் குதித்துப் பயிற்சி பெறுவதும், அவர்களுடைய தொப்பி மெரூன் நிறம் என்பதும், சிறப்புப் படைக்கான 'பலிதான்' சின்னத்தின் வடிவமும் இன்று பள்ளிச் சிறுவனுக்கும் தெரியும். 2019 உலகக் கோப்பைப் போட்டியில் தோனியின் கையுறையில் அந்தச் சின்னம் இருந்ததும், அதை நீக்கும்படி ஐ.சி.சி. கேட்டுக்கொண்டதும் செய்தியானபோது, அதைக் கேள்விப்படாதவர்களே இல்லை என்றாயிற்று. யூடியூப் பார்த்துவிட்டு வருபவர் என் கேள்விகளுக்கு உண்மையான வீரரைவிடச் சரளமாகப் பதில் சொல்வார். உண்மையான வீரர் பல விஷயங்களை மறந்திருப்பார். தேதிகளை மாற்றிச் சொல்வார்.

'உண்மையான கமாண்டோ வாயைத் திறக்க மாட்டான்' என்று எங்கள் அலுவலகத்திலேயே சிலர் அடித்துச் சொல்வார்கள். இது எனக்கு ஏற்புடையதாகப் பட்டதில்லை. சிறப்புப் படையில் பணிபுரிந்து, ஆவணங்கள் அனைத்தும் சரியாக வைத்திருந்து, தேநீர் ஆறும்வரை பேசிக்கொண்டே இருந்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன். மாறாக, மௌனத்தைக் கேடயமாகப் பிடித்தவர்கள் பொய்யர்களே. "அதெல்லாம் ரகசியம், சாப், சொல்லக் கூடாது, எங்கள் ரெக்கார்டு எதிலும் இருக்காது" என்பார்கள். ஒரு நடவடிக்கை ரகசியமாக இருக்கலாம். ஒருவருடைய பணிக்காலம் ரகசியமாக இருக்க முடியாது. மெட்ராஸ் ரெஜிமெண்ட்டுக்கு வெலிங்டனிலும், பாராசூட் ரெஜிமெண்ட்டுக்குப் பெங்களூருவிலும், சிக்னல்ஸுக்கு ஜபல்பூரிலும் ஆவண அலுவலகங்கள் உள்ளன. எந்த யூனிட்டில் இருந்தார், எந்த ட்ரேட் (ராணுவத்தில் பார்த்த வேலைப் பிரிவு), எந்த நாளில் எதற்காக விடுவிக்கப்பட்டார் என்பவை அங்கே பதிவாகாமல் யாருக்கும் ஓய்வூதிய ஆணை பிறப்பதில்லை. பென்ஷன் வாங்கிக்கொண்டே தன் ரெக்கார்டு அழிக்கப்பட்டுவிட்டது என்பவரிடம் இந்த ஒன்றைச் சொன்னாலே போதும்.

இவ்விஷயத்தில் அமெரிக்கப் பொய்யர்களுக்குக் கொஞ்சம் வசதி உண்டு. 1973 ஜூலை 12-ஆம் நாள் செயின்ட் லூயிஸ் அருகே இருந்த ராணுவ ஆவணக் காப்பகத்தில் பற்றிய தீயில் 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான கோப்புகள் எரிந்துபோயின. 'என் கோப்பும் அதில் போய்விட்டது' என்பது அங்கே பழகிப்போன பதில். ஆனால், எரிந்தவை தரைப்படை, விமானப்படைக் கோப்புகள். கடற்படையின் சீல் கமாண்டோவாக இருந்தேன் என்பவருக்கு அந்தத் தீ உதவாது.

என்னிடம் பொய் சொன்னவர்களில் ராணுவத்தை எட்டியும் பாராதவர்கள் சிலரே. மற்ற அனைவரும் உண்மையான முன்னாள் படைவீரர்கள். தாங்கள் செய்த வேலையை மறைத்து, செய்யாத வேலையைச் சொன்னவர்கள். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் விண்ணப்பத்தில் 'பாரா கமாண்டோ' என்று எழுதியிருந்தார். பணியிலிருந்து விடுவிக்கும்போது தரும் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஆர்மி சர்வீஸ் கோர், ட்ரேட் டிரைவர் எம்.டி., அதாவது சரக்குப் போக்குவரத்துப் பிரிவின் வண்டி ஓட்டுநர், என்றிருந்தது. புத்தகத்தை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன். அவர் பதறவில்லை. "கமாண்டோன்னு எழுதினாத்தான் பி.எஸ்.ஓ. வேலை தர்றாங்க, சாப். டிரைவர்னு எழுதினா கேட்டுல உட்கார வெச்சிடறாங்க" என்றார். பி.எஸ்.ஓ. என்பது தனிநபர் மெய்க்காவலர் வேலை. பிறகு பேச்சுவாக்கில், லடாக்கில் குளிர்காலத்துக்குமுன் சரக்கு ஏற்றிச் செல்லும் கான்வாயில் பல ஆண்டுகள் லாரி ஓட்டியதையும், டீசல் உறைந்துவிடாமலிருக்க இரவில் எஞ்சினை அவ்வப்போது ஓடவிட்டதையும், முன்னால் சென்ற வண்டி பள்ளத்தில் சரிந்ததையும் சொன்னார். இவற்றில் ஒன்றுகூட அவர் விண்ணப்பத்தில் இல்லை.

அவர் சொன்ன காரணம் சரியானது என்பதால்தான் எனக்குச் சங்கடமாக இருந்தது. நகைக்கடைக்காரரும் மனை வணிகரும் எங்களிடம் கேட்டது கமாண்டோவை. சஃபாரி உடையும் கறுப்புக் கண்ணாடியும் காதில் ஒரு ஒயருமாகப் பக்கத்தில் ஒருவர் நிற்பதற்கு அவர்கள் தரத் தயாராக இருந்த தொகை, வாயிற்காவலருக்குத் தரும் தொகையைவிடப் பன்மடங்கு. எங்கள் விளம்பரத் தாளிலும் 'பயிற்சி பெற்ற முன்னாள் கமாண்டோக்கள்' என்ற வரி கொட்டை எழுத்தில் இருந்தது. பொய்யை விலை கொடுத்து வாங்க ஆளிருந்தது, விற்க நாங்கள் இருந்தோம். ஜவான் அதைச் சுமந்து வந்தார், அவ்வளவுதான். அவரை மட்டும் குற்றவாளியாக நிறுத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சட்டமும் ஏறத்தாழ இந்த இடத்தில்தான் கோடு போடுகிறது. படைவீரர் அல்லாத ஒருவர், தன்னைப் படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்துடன் சீருடையையோ சின்னத்தையோ அணிந்தால், பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 168-ஆம் பிரிவின்படி மூன்று மாதம்வரை சிறையோ 2,000 ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். வெறும் வாய்ச்சொல் அந்தப் பிரிவுக்குள் வராது. அதைச் சொல்லிப் பணம் பறித்தால் அது மோசடி வழக்காகும். அமெரிக்காவில் இதைப் பற்றிய விவாதம் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. கலிபோர்னியாவில் ஒரு குடிநீர் வாரிய உறுப்பினரான சேவியர் அல்வாரெஸ், மரைன் படையில் 25 ஆண்டுகள் இருந்ததாகவும் நாட்டின் மிக உயர்ந்த வீரப்பதக்கம் பெற்றதாகவும் 2007-இல் ஒரு கூட்டத்தில் சொன்னார். அவர் படையிலேயே இருந்தவரல்லர். பொய்யாகப் பதக்கம் கொண்டாடுவதையே குற்றமாக்கிய 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தை, பேச்சுரிமைக்கு எதிரானது என்று 2012-இல் நீதிமன்றம் நீக்கிவிட்டது. பணமோ பயனோ பெறும் நோக்கத்துடன் சொன்னால் மட்டுமே குற்றம் என்று மறு ஆண்டே புதிய சட்டம் வந்தது. வெற்றுப் பெருமைக்குச் சொல்லும் பொய்யையும் வேலைக்காகச் சொல்லும் பொய்யையும் பிரித்துப் பார்க்கும் அந்தத் தீர்வு சரியென்றே நினைக்கிறேன். வேலைக்காகச் சொன்னவரிடம் எனக்கு இரக்கம் அதிகம் என்றாலும், அவரை நம்பி ஒருவர் தன் உயிரை ஒப்படைக்கிறார் என்பதையும் மறக்க முடியாது.

நிர்வாகத்துடன் வாதாடி, விண்ணப்பப் படிவத்தில் இருந்த 'சிறப்புப் படை அனுபவம்' என்ற கட்டத்தை எடுக்கச் செய்தேன். அதற்குப் பதிலாக ரெஜிமெண்ட், ட்ரேட், பணியாற்றிய இடங்கள், இயக்கத் தெரிந்த வாகனங்கள், கருவிகள் ஆகியவற்றை டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உள்ளபடியே நிரப்பி வாடிக்கையாளருக்கு அனுப்பத் தொடங்கினோம். கமாண்டோக்களின் வரத்து வெகுவாகக் குறைந்தது. சில வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டு வேறு நிறுவனத்துக்குப் போனார்கள். விளம்பரத் தாளிலிருந்த வரியை மட்டும் நான் வேலையை விட்ட நாள்வரை எடுக்கச் செய்ய முடியவில்லை. லடாக் டிரைவரை ஒரு மருத்துவமனை தன் ஆம்புலன்ஸ் பிரிவுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டது, சம்பளம் பி.எஸ்.ஓ.வுக்குத் தருவதைவிடக் குறைவுதான்.