ஹம்பியில் தலைகீழாக ஒரு கோபுரம்

ஹம்பிக்குப் போகிறவர்கள் முதலில் தேடுவது விட்டலர் கோயிலின் கல் தேரைத்தான். 50 ரூபாய் நோட்டில் இருப்பதும் அதுதான். அழகுதான், பார்க்கத்தான் வேண்டும். ஆனால் என் மனசு நின்றுபோன இடம் விருபாட்சர் கோயிலின் பின்பக்கத்து இருட்டறை.

சுவரில் ஒரு சின்னத் துளை. அதன் வழியாக வரும் வெளிச்சத்தில் கிழக்கு ராஜகோபுரம் எதிர்ச்சுவரில் தலைகீழாக விழுகிறது. ஒளி நேர்கோட்டில் போவதால் கோபுரத்தின் உச்சி கீழேயும் அடிப்பகுதி மேலேயும் வந்துவிடுகிறது. பள்ளியில் ஊசித்துளை கேமரா என்று படித்தோமே, அதேதான். கையை நீட்டினால் கோபுரம் உள்ளங்கையில்! கால் மணி நேரம் அங்கேயே நின்றேன்.

அப்புறம் மகாநவமி மேடைப் பக்கத்துப் படிக்குளம். எந்தக் கல் எங்கே வர வேண்டும் என்று சிற்பிகள் போட்ட குறிகள் இன்னும் தெரிகின்றன.

1565 தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு சூறையாடப்பட்ட விஜயநகரப் பேரரசின் தலைநகரம் இது. ஆனால் விருபாட்சருக்கு இன்றும் பூஜை நடக்கிறது. மாலையில் மதங்க மலை ஏறுங்கள். துங்கபத்திரையும் பாறைகளும் இடிந்த கடைவீதிகளும் ஒன்றாகத் தெரியும். குறைந்தது 2 நாள் ஒதுக்குங்கள்.