கேம்பர் ஒழுகல்: முன்பக்க மூலை ஒருவழியாகக் காய்ந்தது

மூன்று நாள் விடாத மழை. இன்று காலை கேம்பருக்குள் (உள்ளேயே தங்கிப் பயணம் போகும் வண்டி) ஏறியதும் முதல் வேலையாக ஈரம் பார்க்கும் மீட்டரின் இரண்டு முள்ளையும் முன்பக்க இடது மூலை மரச் சட்டத்தில் குத்தினேன். 12 சதவீதம். நம்பிக்கை வராமல் ஒரு சாண் மேலே குத்தினேன், அங்கேயும் 12. கீழே தரையோரம் 13. இதே இடத்தில் இருந்த பழைய சட்டம் 28 காட்டியது. 20ஐத் தாண்டி அப்படியே நின்றாலே பூஞ்சை பிடித்து மரம் மக்கத் தொடங்கிவிடும் என்பதால் அந்த 12ஐப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தை இந்த வேலை செய்தவர்களிடம் விளக்க வேண்டியதில்லை.

மழைத் தண்ணீர் ஒழுகிய கறை சன்னலுக்குக் கீழே இருந்ததால், முதலில் சன்னலைத்தான் இரண்டு முறை கழற்றி மாட்டினேன். இரண்டு முறையும் புது பியூட்டில் டேப் (இடுக்கை அடைக்கும் பிசுபிசுப்பான ரப்பர் நாடா), இரண்டு முறையும் முதல் மழைக்குத் தாங்கியது, அடுத்த பெருமழையில் உள் பிளைவுட் மறுபடி மெத்தென்று ஆகிவிட்டது. கடைசியில் கூரை வென்ட்டின் (காற்றுப் போகும் திறப்பு) வாயை அட்டையால் அடைத்து, அட்டையில் ஓட்டை போட்டு, ஊதுவானை வைத்து உள்ளே காற்றை நிரப்பிவிட்டு வெளியே முழுக்கச் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். சன்னலைச் சுற்றி ஒரு குமிழிகூட வரவில்லை. கூரையும் பக்கச் சுவரும் சேரும் மூலைப் பட்டையில், சன்னலிலிருந்து இரண்டடி தள்ளி, ஒரு ஸ்க்ரூவைச் சுற்றி மட்டும் சின்னச் சின்னதாக நுரை கட்டிக்கொண்டே இருந்தது. தண்ணீர் அங்கே இறங்கி, அலுமினியத் தகட்டின் உட்புறமாகவே ஓடி, சன்னல் சட்டத்தின் மேல்விளிம்பில் தட்டிக் கீழே சொட்டியிருக்கிறது. கறை இருக்கும் இடத்தில் ஓட்டையைத் தேடாதீர்கள், மேலே தேடுங்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் போயிற்று.

பட்டையைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. ஸ்க்ரூ தலைகளை மூடும் வினைல் நாடா வெயிலில் சுருங்கிச் சுருங்கி, முனையில் விரல் நீளத்துக்கு இடைவெளி விட்டிருந்தது. அந்த வழியாகத் தண்ணீர் பட்டையின் பள்ளத்துக்குள் இறங்கித் தேங்கியிருக்கிறது. பல ஸ்க்ரூக்கள் துருவேறி மெலிந்து, விரலால் திருகினாலே கையோடு வந்தன.

இனி என் உயிரை வாங்கிய வேலைக்கு வருகிறேன். எனக்கு முன்னால் இந்தக் கேம்பரை வைத்திருந்தவர் ஒழுகிய இடத்திலெல்லாம் குழாயிலிருந்து சிலிகான் பசையைப் பிதுக்கியிருந்தார். ஒரு அடுக்கு இல்லை, மூன்று நான்கு அடுக்கு. பழைய புட்டியையும் (களிமண் போன்ற அடைப்புப் பசை) பியூட்டிலையும் சூடான காற்று ஊதும் ஹீட் கன் காட்டி இளக்கிவிடலாம், சிலிகான் அந்தச் சூட்டுக்கெல்லாம் அசையாது. பிளாஸ்டிக் பிளேடால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி எடுத்த பிறகும், கண்ணுக்குத் தெரியாத ஒரு எண்ணெய்ப் படலம் தகட்டில் தங்கிவிடுகிறது. அதன் மேல் டேப் ஒட்டாது, சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை) ஒட்டாது, புதுச் சிலிகான்கூட ஒழுங்காகப் பிடிக்காது. சிலிகானைக் கரைக்கும் ஜெல் தடவி ஊறவிட்டு, மறுபடி சீவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, துணியை மாற்றி இன்னொரு முறை துடைத்து, இப்படி ஒரே ஒரு மூலைக்கு இரண்டு முழு நாள் போனது. சுத்தமாகிவிட்டதா என்று நான் பார்க்கும் வழி இதுதான்: ஈர விரலால் தகட்டில் ஒரு கோடு இழுங்கள். தண்ணீர் பரவி மெல்லிய படலமாக நின்றால் சரி. முத்து முத்தாகத் திரண்டு ஒதுங்கினால் அங்கே இன்னும் சிலிகான் இருக்கிறது, மறுபடி ஜெல். ஐந்தாவது சுற்றில்தான் முழு நீளத்துக்கும் படலமாக நின்றது. கேம்பரின் மூட்டுகளில் சிலிகான் பிதுக்குபவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் இருக்கிறது. அடுத்து வந்து சரிசெய்பவனின் வேலையைப் பல மடங்காக்கும் காரியம் அது.

டேப் போடுவதில் இந்த முறை அவசரப்படவில்லை. 25 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் தடிமன். பட்டையின் உட்புறம் முழு நீளத்துக்கும் ஒரே துண்டாக, இழுக்காமல் வைத்தேன். இழுத்தால் நடுவில் மெலிந்து அங்கேதான் முதலில் விடும். துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்க்ரூக்களை நடுவிலிருந்து இரு முனைக்கும் லேசாக முடுக்கிவிட்டு நிறுத்திக்கொண்டேன். பியூட்டில் பிதுங்க நேரம் எடுக்கும், குளிராக இருந்தால் இன்னும் அதிகம். மறுநாள் வெயிலில் தகடு சூடானதும் ஒவ்வொன்றுக்கும் கால் சுற்று, அதற்கு மறுநாள் இன்னொரு கால் சுற்று. இரண்டு ஓரத்திலும் ஒரே சீராகச் சாம்பல் நிற வரி பிதுங்கி வந்தது. அதைப் பிளாஸ்டிக் கத்தியால் நறுக்கி எடுத்தபோது ஒரு இடத்தில்கூட இடைவெளி இல்லை.

மரவேலை எதிர்பார்த்ததுதான். குத்தூசியை அழுத்தினால் கைப்பிடி வரை போன பகுதியை முழுதாக வெட்டி எறிந்துவிட்டு, நல்ல மரம் தொடங்கும் இடத்தில் இரண்டு மரத்தின் தடிமனிலும் பாதியைக் கழித்து, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி புது ரீப்பரை எபாக்சி பசை போட்டுச் சேர்த்தேன். மக்கிய மரத்தைக் கெட்டியாக்கும் திரவங்களை நான் நம்புவதில்லை, ஸ்க்ரூ பிடிக்க வேண்டிய இடத்தில் கண்டிப்பாகக் கூடாது. ஊறிய பஞ்சு போலத் தொங்கிய கண்ணாடிக் கம்பளியைத் தூக்கிவிட்டு அங்கே தெர்மாகோல் பலகை வைத்தாயிற்று. உள் பிளைவுட்டை மட்டும் இன்னும் மூடவில்லை. இன்னும் இரண்டு மழை பார்த்துவிட்டுத்தான்.

டேப் வாங்குபவர்களுக்கு ஒரு விஷயம்: பியூட்டில் என்று சொல்லிப் புட்டி டேப்பை விற்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு துண்டைக் கிள்ளி மெதுவாக இழுத்துப் பாருங்கள். நல்ல பியூட்டில் சூயிங்கம் போல நூல் விட்டு நீளும், புட்டி சட்டென்று அறுந்துவிடும். கூரை மேல் வென்ட்டைச் சுற்றி ஊற்றத் தானே பரவும் சீலன்ட்டும் வாங்கி வைத்திருக்கிறேன். அது சமதளத்துக்கு மட்டும்தான், செங்குத்தான பட்டையில் போட்டால் வழிந்து இறங்கிவிடும். அப்புறம், சன்னலின் கீழ் விளிம்பில் இருக்கும் சின்னத் துளைகளை யாரும் அடைத்துவிடாதீர்கள், அவை தண்ணீர் வெளியே போவதற்காகவே வைத்தவை. என்னுடையதில் அதிலும் சிலிகான்தான் இருந்தது, குத்தூசியால் நோண்டி எடுத்தேன்.

முன்பக்கம் மூடும் முன்பே பின்பக்க வலது மூலையில் மீட்டர் 19 காட்டுகிறது, காத்திருக்க மனமில்லை. நேற்று மாலை அந்த மூலையின் வினைல் நாடாவை உருவினேன். ஆறு ஸ்க்ரூ சுலபமாக வந்தது, ஏழாவது ஸ்க்ரூ தலை அறுந்து உள்ளேயே நிற்கிறது. நாளை அதைத் துளையிட்டு எடுக்க வேண்டும். அதுவரை மூலைக்குத் தார்ப்பாய் கட்டியிருக்கிறேன்.